தட்டுக்கு அடியில் தட்டு: படம் போடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

2004 சுனாமியை விளக்கும் காணொளிகள் பலவற்றில் ஒரே படம்தான். கொதிக்கும் தீக்குழம்புக் கடல், அதில் மிதக்கும் இரண்டு புவித்தட்டுகள், ஒன்று மற்றதன் அடியில் வழுக்கிக்கொண்டு போகிறது. முதலில் அந்தத் தீக்குழம்பை அழித்துவிடுங்கள். தட்டுகளுக்குக் கீழே உள்ள கவசம் (mantle) என்ற அடுக்கு பெரும்பாலும் திடப் பாறை. கடும் சூட்டில் மிக மிக மெதுவாக இளகி நகரும், அவ்வளவுதான். தட்டு இறங்குவதும் யாரோ பின்னாலிருந்து தள்ளுவதால் அல்ல. ஆறிக் கனத்த கடலடித் தட்டு, முக்கியமாகத் தன் எடையாலேயே இறங்குகிறது.

பெரிய தவறு அந்த வழுக்கல்தான். சுமத்ராவுக்கு மேற்கே சுந்தா அகழி என்ற ஆழ்கடல் பள்ளத்தில் இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் இறங்கப் பார்க்கிறது. ஆனால் மேல்பகுதியில் இரண்டு தட்டும் கவ்விக்கொண்டு நூற்றாண்டுக்கணக்கில் அசையாது. மேல்தட்டின் விளிம்பும் சேர்ந்து கீழே இழுபட்டு வளையும். 2004 டிசம்பர் 26 காலை அந்தப் பிடி விட்டது, அந்தமான் வரை சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்கு. விளிம்பு துள்ளி எழுந்து கடலைத் தூக்கியது. அதற்குப் பின்னால் இருந்த நிலம் தாழ்ந்தது. சுமத்ராவை ஒட்டிய சிமுலுவே தீவின் வடமேற்கில் பவளப்பாறைகள் கடலுக்கு மேலே வந்துவிட்டன. கிரேட் நிக்கோபாரின் இந்திரா முனையிலோ கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் போனது. நடந்தது ஒரே நிலநடுக்கம்.

‘கடல் உள்வாங்கினால்தான் சுனாமி’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தராதீர்கள். தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் உள்வாங்கியது உண்மை. நம் பக்கம், தமிழகக் கரையிலும் சரி, இலங்கையின் கிழக்குக் கரையிலும் சரி, முதலில் வந்ததே ஏறி வந்த அலைதான். உள்வாங்கட்டும் என்று காத்திருந்தால் நேரம் போய்விடும்.

கடலடியில் பெரிய நடுக்கம் வந்தாலே சுனாமி என்பதும் சரியல்ல. 2012 ஏப்ரல் 11 அன்று அதே சுமத்ரா பக்கம் 8.6 அளவில் குலுங்கியது. சென்னையிலும் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். ஆனால் பாறை பக்கவாட்டில் நகர்ந்ததே தவிர, கடலடியைப் பெரிதாகத் தூக்கவில்லை. பெரிய அலை வரவில்லை.

அப்புறம் எரிமலை. இறங்கிய தட்டு உருகித்தான் மாக்மா, அதாவது எரிமலைக்கு வரும் பாறைக்குழம்பு, வருகிறது என்பார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. சுமார் 100 கி.மீ. ஆழத்தில் தட்டிலிருந்து கசியும் நீர் மேலே உள்ள கவசப் பாறையில் சேர்கிறது. குல்பி வண்டிக்காரர் போடும் உப்பால் ஐஸ் உருகுவதுபோல, நீர் சேர்ந்த பாறை குறைந்த சூட்டிலேயே உருகுகிறது. சரிந்து இறங்கும் தட்டு அந்த ஆழத்தை எட்டுவது அகழியிலிருந்து வெகு தூரம் தள்ளித்தான். சுமத்ராவின் எரிமலைகள் அகழியோரம் இல்லாமல் நூற்றுக்கணக்கான கி.மீ. உள்ளே தள்ளி வரிசையாக நிற்பது இதனால்தான். அந்தமான் பக்கம் இன்னும் புகையும் பாரன் தீவும் இப்படி உருவானதே.