சின்ன வீட்டின் மொட்டைமாடிக்கு சோலார் மானியம்: விண்ணப்பம் முதல் வங்கிக் கணக்கு வரை

பாலக்காடு மாவட்டத்தின் தமிழக எல்லையில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்தில் மாசி பிறந்தாலே மொட்டைமாடியில் கால் வைக்க முடியாது. அந்த வெயிலில் கரண்டு எடுக்க ஒன்றிய அரசு மானியம் தருகிறது. 2024 பிப்ரவரியில் வந்த பிரதம மந்திரி சூர்ய கர் திட்டம்தான் அது. கேரள அரசின் லைஃப் மிஷன் வீட்டுத் திட்டத்தில் கிடைத்த வீடோ, கடன் வாங்கிக் கட்டிய இரண்டு அறை வீடோ, எதுவானாலும் சரி. கூரை உங்களுடையதாக இருக்க வேண்டும், மின் இணைப்பு இருக்க வேண்டும், முன்பு சோலார் மானியம் வாங்கியிருக்கக் கூடாது.

படி 1: பில்லை எடுத்துப் பாருங்கள்

நம் கே.எஸ்.இ.பி. (கேரள மின்வாரியம்) பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. அதிலுள்ள யூனிட்டைப் பாதியாக்கினால் மாதக் கணக்கு. ஒரு கிலோவாட் சோலார் மாதத்துக்குச் சுமார் 100 முதல் 120 யூனிட் தரும். ஆடி மழையில் குறையும். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத இடம் சுமார் 100 சதுர அடி வேண்டும்.

மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, மூன்றுக்கு 78,000. அதற்கு மேல் ஐந்து போட்டாலும் 78,000தான். விற்பவர்கள் பெரியதாகப் போடச் சொல்வார்கள், காது கொடுக்காதீர்கள். மின்விசிறி, டிவி, ஃபிரிட்ஜ் ஓடும் வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ தாராளம். மாதம் ஐம்பது யூனிட்கூடத் தாண்டாத வீடு என்றால் இப்போதைக்கு சோலாரே வேண்டாம் என்பேன். போட்ட பணம் திரும்ப வர வெகுகாலம் ஆகும்.

படி 2: பெயர் ஒன்றாக இருக்கிறதா?

எல்லைப் பக்கத்தில் விண்ணப்பம் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். பில்லில் இறந்துபோன தாத்தா பெயர் இருக்கும். ஆதாரில் இனிஷியல் பின்னால், பாஸ்புக்கில் முன்னால். மலையாளத்தில் எழுதிய ரேஷன் கார்டைப் பார்த்து யாரோ ஆங்கிலத்தில் அடித்ததில் முருகேசன் வேறு எழுத்தில் உட்கார்ந்திருப்பார். விண்ணப்பிப்பவர், மின் இணைப்பு, வங்கிக் கணக்கு மூன்றும் ஒரே பெயரில் இருந்தால் வேலை ஓடும். இல்லையென்றால் முதலில் கே.எஸ்.இ.பி.யின் செக்‌ஷன் ஆபீசுக்குப் போய் இணைப்பைப் பெயர் மாற்றிக்கொள்ளுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் பேனலை மாட்டியபின் இதற்காக அலைவதைவிட இது மேல்.

படி 3: இணையத்தில் பதிவு

சூர்ய கர் தளத்தின் முகவரி ‘கவ் டாட் இன்’ என்று முடியும். வேறு எப்படி முடிந்தாலும் மூடிவிடுங்கள். மாநிலம், மின் நிறுவனம், பில்லில் இருக்கும் 13 இலக்க நுகர்வோர் எண், மொபைல் எண் கொடுத்துப் பதிவு செய்து விண்ணப்பியுங்கள். 10 கிலோவாட் வரை, அங்கே சோலார் இணைக்க முடியுமா என்று மின்வாரியம் பார்த்துத் தரும் சாத்தியக்கூறு ஒப்புதலுக்குத் தனியே காத்திருக்க வேண்டியதில்லை.

படி 4: நிறுவுபவரைத் தேர்ந்தெடுத்தல்

தளத்திலுள்ள பட்டியலில் பதிவான நிறுவனம்தான் மாட்ட வேண்டும். தெரிந்த எலக்ட்ரீஷியன் மாட்டினால் மானியம் இல்லை. இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். ஐந்து ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பேனலின் செல் உட்பட இந்தியத் தயாரிப்பாக இருப்பது கட்டாயம். விலை மிகக் குறைவாகச் சொல்கிறார்கள் என்றால் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்.

மானியம் வேலை முடிந்த பிறகே வரும். அதுவரை முழுத் தொகையையும் யார் போடுவது என்பதைப் பேசி முடித்துவிடுங்கள். கையில் இல்லாதவர்களுக்கு 3 கிலோவாட் வரை பொதுத்துறை வங்கிகள் அடமானம் இல்லாமல் குறைந்த வட்டியில் கடன் தருகின்றன. ‘மானியத்தை முதலில் வாங்கித் தருகிறேன், கமிஷன் கொடு’ என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

படி 5: மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்

நம் ஊரில் தென்னையும் பனையும்தான் தொல்லை. காலை ஒன்பது மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் மாடியில் நின்று நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஒரு மட்டையின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும், வரிசையாக இணைத்த மற்றப் பேனல்களின் உற்பத்தியும் இறங்கும். காய்ந்த மட்டை விழும் தூரத்தில் பேனலை வைக்கவே கூடாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்குத் தாங்கும்படி இரும்புச் சட்டத்தின் நட்டு, போல்ட்டெல்லாம் இறுக்கமாக இருக்க வேண்டும். தளத்தில் துளை போட்டால் அதே நாளில் கசிவுத் தடுப்புப் பூசச் சொல்லுங்கள்.

பேட்டரி இல்லாத இந்த இணைப்பு, கரண்டு போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு. மின்வெட்டுக்காக வாங்க நினைத்தவர்கள் இதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

படி 6: நெட் மீட்டர், பிறகு பணம்

நிறுவுபவர் விவரங்களைத் தளத்தில் ஏற்றியதும் மின்வாரியம் வந்து பார்த்து, போவதையும் வருவதையும் இரண்டையும் கணக்கிடும் மீட்டரைப் பொருத்தும். இயக்கச் சான்று தளத்தில் வந்தபின் வங்கி விவரத்தையும் ரத்து செய்த காசோலையையும் பதிவேற்றுங்கள். சுமார் 30 நாளில் மானியம் கணக்கில் விழும். பில் சைபராகிவிடாது, நிலைக் கட்டணம் தொடரும்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் சங்கமாகச் சேர்ந்து பொது விளக்கு, மோட்டாருக்காகப் போடலாம். கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம். ஆந்திராவில் நகரி, புத்தூர் பக்கத்துச் சொந்தக்காரர்களுக்கும் நடைமுறை இதேதான். அங்கே பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களுக்கு 2 கிலோவாட் வரை இலவசமாகவே அமைத்துத் தர ஆந்திர அரசு திட்டம் வைத்திருக்கிறது. அவர்கள் கைக்காசைப் போடுவதற்கு முன் மின்வாரிய அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.