மரத்தில் கிடைத்த பட்டுக்கூட்டை மார்கழி தாண்டிக் காப்பாற்ற

மழை ஓய்ந்த மறுநாள் தெருவில் முறிந்து கிடக்கும் கிளைகளை ஒதுக்கும்போது, காம்போடு தொங்கும் சின்ன முட்டை போன்ற ஒன்று கண்ணில் படலாம். சாம்பல் கலந்த பழுப்பு நிறம், தொட்டால் ஓடு மாதிரி கெட்டி. காய் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அது காட்டுப் பட்டுப்பூச்சியின் கூடு. டஸ்ஸர் சேலைக்கு நூல் தரும் இனம் இதுதான். இதன் புழு மருது, இலந்தை, வாதாங்கொட்டை மர இலைகளைத் தின்று வளரும். உள்ளே ஒரு கூட்டுப்புழு தூங்கிக்கொண்டிருக்கிறது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்த நாள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் சாய்ந்த வாதாங்கொட்டை மரத்தில் எனக்கு இரண்டு கூடுகள் கிடைத்தன. அன்றிலிருந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். இணையத்தில் தேடினால் கூட்டை ஃபிரிட்ஜில் வையுங்கள் என்று வரும். அது பனி கொட்டும் நாட்டுக்காரர்களுக்கு. அங்குள்ள பல இனங்கள் சில மாதம் நல்ல குளிரில் கிடந்தால்தான் தூக்கம் கலைந்து எழும். கடலூரிலும் புதுச்சேரியிலும் தை மாத விடியற்காலைகூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நம் ஊர்ப் பூச்சி அதற்குப் பழகியது. இங்கே கூட்டைக் கொல்வது குளிர் இல்லை; கார்த்திகையில் பூஞ்சை, பங்குனிக்குப் பிறகு வறட்சி, வருஷம் முழுக்க எறும்பு.

படி 1: உயிர் இருக்கிறதா என்று பாருங்கள்

கூட்டைக் கையில் எடுத்து ஒரே ஒரு முறை, மெதுவாக அசையுங்கள். உயிருள்ள கூடு அளவுக்கு மீறிக் கனமாக இருக்கும், உள்ளே 'தொப்' என்று ஒரு மந்தமான அசைவு தெரியும். காய்ந்த விதை மாதிரி கலகலத்தால் புழு இறந்து வற்றிவிட்டது என்று அர்த்தம். ஓரத்தில் துளை போட்டது போல் சின்ன வட்ட ஓட்டை இருந்தால், குளவியோ ஈயோ உள்ளே முட்டையிட்டு, அதன் குஞ்சு புழுவைத் தின்று வெளியே போய்விட்டது. எனக்குக் கிடைத்த இரண்டில் ஒன்று அப்படித்தான் இருந்தது. முனையில் பெரிய ஓட்டை, சுற்றிலும் நூல் கலைந்திருந்தால் பூச்சி ஏற்கெனவே பறந்துவிட்ட காலிக்கூடு.

சந்தேகமாக இருந்தாலும் பிளேடால் கீறிப் பார்க்க வேண்டாம். தினமும் குலுக்கிப் பார்க்கவும் வேண்டாம். மேலே மயிர் ஒட்டிய வேறு வகைக் கூடு என்றால் வெறுங்கையால் தொடாதீர்கள், கம்பளிப்புழுவின் மயிர் அரிப்பைக் கிளப்பிவிடும்.

படி 2: கிளையோடு வெட்டி எடுங்கள்

புழு தன் கூட்டின் காம்பை வளையம் போலக் குச்சியைச் சுற்றிக் கட்டியிருக்கும். அதைப் பிய்க்காமல் ஒரு சாண் குச்சியோடு வெட்டிக்கொள்ளுங்கள். மரம் நிமிர்ந்து நன்றாக இருந்தால் கூட்டை அங்கேயே விட்டுவிடுவதுதான் நல்லது. விழுந்த கிளை, வெட்டப்போகும் மரம், இவற்றிலிருந்து மட்டும் எடுங்கள்.

படி 3: இருப்பிடம்

இந்த இடத்தில்தான் நான் தவறு செய்தேன். மீதியிருந்த ஒரு கூட்டை மூடி போட்ட வழவழப்பான பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தேன். ஜூன் மாதம் ஒரு காலையில் திறந்தபோது பூச்சி வெளியே வந்திருந்தது, ஆனால் சிறகுகள் கசங்கிய துணி மாதிரி சுருங்கி அப்படியே காய்ந்திருந்தன. ஐந்து நாள் அது டப்பாவின் அடியில் நடந்துகொண்டே இருந்தது. அதைப் பார்க்க எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

காரணம் எளிது. கூட்டிலிருந்து வரும் பூச்சிக்குச் சிறகு ஈரமாக, மடிந்து, விரல்நுனி அளவுதான் இருக்கும். அது உடனே எதையாவது பற்றி மேலே ஏறித் தலைகீழாகத் தொங்க வேண்டும். தொங்கும்போதுதான் உடலிலிருந்து நீர் சிறகு நரம்புகளுக்குள் பாய்ந்து சிறகு விரியும். ஏற முடியாவிட்டால் விரியாது, ஒருமுறை காய்ந்த சிறகைப் பிறகு சரிசெய்யவும் முடியாது.

அதனால் டப்பா வேண்டாம். காய்கறி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் கூடை போதும். உட்புறம் கொசுவலைத் துணியைச் சுற்றித் தைத்துவிடுங்கள் அல்லது துணி கிளிப்பால் இறுக்குங்கள். கூடு இருக்கும் குச்சியைச் சணலால் மேலே கட்டித் தொங்கவிடுங்கள். கூட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு சாணுக்குக் குறையாமல் இடம் இருக்கட்டும்; விரித்தால் இந்தப் பூச்சியே ஒரு சாண் அகலம் வரும்.

படி 4: எங்கே வைப்பது

சாரல் அடிக்காத, வெயில் நேராக விழாத, காற்று வரும் வராந்தா. ஏசி அறை கூட்டை உலர்த்திவிடும். பீரோவில் வைக்கவே கூடாது, அங்கே அந்துருண்டை இருக்கும், அதன் வேலையே பூச்சியைக் கொல்வதுதான். கொசுவர்த்தி, கொசு லிக்விட் எரியும் அறையும் ஆகாது. தெருவில் கொசு மருந்துப் புகை அடிக்க வண்டி வரும் சத்தம் கேட்டால் கூடையை உள்ளே எடுத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்திவிடுங்கள்.

எறும்பு மருந்துச் சாக்பீஸால் கோடு போடாதீர்கள், அதுவும் விஷம். கூடையை ஒரு ஸ்டூலில் வைத்து, நான்கு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். பாட்டி காலத்தில் சாப்பாட்டு அலமாரிக்குச் செய்த அதே ஏற்பாடு. எலி, மூஞ்சூறு, அணில் வரும் வீடு என்றால் மேலே கெட்டியான கம்பிவலை மூடி வேண்டும்.

படி 5: ஈரம்

மழைக்காலத்தில் தண்ணீரே தெளிக்காதீர்கள், நம் கடற்கரைக் காற்றின் ஈரமே அதிகம். வெள்ளையாகப் பூஞ்சை படிந்தால் உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் துடைத்து, இன்னும் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். மார்கழிப் பனி, தை, மாசி வரை அப்படியே விடலாம். பங்குனி பிறந்ததும் வாரம் இருமுறை, காலையில், ஸ்பிரே பாட்டிலால் புகை போல லேசாக ஒரு தெளிப்பு. மத்தியானத்துக்குள் காய்ந்துவிட வேண்டும். கத்திரி வெயிலில் ஒருநாள் விட்டு ஒருநாள் தெளிக்கலாம்.

படி 6: காத்திருப்பது

இதற்கு நாள் குறிக்க முடியாது. சில கூடு மூன்று, நான்கு வாரத்தில் திறக்கும். உறக்கநிலைக்குப் போனது ஆறேழு மாதம் அசையாமல் கிடந்து, வெயில் காலம் தாண்டி மழை ஈரம் வரும்போது எழும். மாதம் ஒருமுறை எடுத்து எடை பாருங்கள், கனம் இருக்கிறதா, அப்படியே விடுங்கள்.

வெளிவரும் நேரம் பெரும்பாலும் சாயங்காலமோ இரவோதான். முதலில் கூட்டின் மேல்முனை நனைந்து கறுக்கும். பட்டு நூலை இளக்கும் ஒரு திரவத்தைப் பூச்சியே சுரக்கிறது. அப்புறம் கீறுவது போல மெல்லிய சத்தம். தயவுசெய்து உதவி செய்யப் போகாதீர்கள், அது தானாகவே வந்துவிடும். சிறகு விரிய அரைமணி நேரம் வரை ஆகும், விறைக்க இன்னும் சில மணி நேரம். கீழே பழுப்பாக ஒரு திரவம் சொட்டினால் பயப்பட வேண்டாம், ரத்தம் இல்லை, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு.

படி 7: விடுவது

தேன், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வைக்காதீர்கள். இந்தப் பூச்சிக்கு உண்ணும் வாயே கிடையாது. புழுவாகத் தின்று சேர்த்ததை வைத்து ஏறக்குறைய ஒரு வாரம் வாழும், அதற்குள் ஜோடி சேர்ந்து முட்டையிட வேண்டும். அதனால் தாமதிக்காமல் அன்றிரவோ மறுநாள் இரவோ விட்டுவிடுங்கள்.

உணர்கொம்பு இறகு மாதிரி அகலமாக இருந்தால் ஆண். மெல்லியதாக, வயிறு பருத்திருந்தால் பெண். பெண் என்றால் ஒரு இரவு கூடையோடு மொட்டைமாடியில் வைத்துப் பாருங்கள், அதன் வாசனையைப் பிடித்துக்கொண்டு தூரத்திலிருந்து ஆண் தேடி வரலாம்.

விடும்போது வாசல் விளக்கை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் பல்பைச் சுற்றியே பொழுதைக் கழித்துப் பல்லிக்கு இரையாகிவிடும். கூடு கிடைத்த மரமோ, அதே வகை மரமோ இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய், பட்டையில் பற்றிக்கொள்ளும்படி குச்சியைச் சாய்த்து வையுங்கள். பறக்கும் முன் சிறகை நடுக்கிச் சூடேற்றிக்கொள்ளும். அந்த நேரத்தில் தள்ளி நின்றால், நான்கு சிறகிலும் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் அந்த வட்டங்களை நன்றாகப் பார்க்கலாம்.