குளிர் மேல் பழி போடாதீர்கள்: முடக்குவாதமும் தூக்கமும்

கோத்தகிரியில் மார்கழி, தை மாதங்களில் கை கால் வலிக்கிறது என்று யார் சொன்னாலும், "பனி இறங்குதில்ல, அப்படித்தான் இருக்கும்" என்பதுதான் பதில். என் அம்மாவுக்கும் அதையேதான் சொன்னோம். வருடக்கணக்கில் தேயிலை பறித்த கை அது. விடியற்காலை 4 மணிக்கே எழுந்து உட்கார்ந்து, ஸ்வெட்டர் பொத்தானைப் போட முடியாமல் விரல்களைத் தேய்த்துக்கொண்டிருப்பார். குளிர்தான் என்று இரண்டு பனிக்காலத்தை ஓட்டிவிட்டோம். முடக்குவாதம் என்று தெரிந்தபோது விரல் கணுக்கள் வீங்கிப்போயிருந்தன. இன்றும் மனசு கேட்கவில்லை.

குளிரில் வலி கூடலாம். ஆனால் குளிரால் இந்த நோய் வருவதில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குவதுதான் முடக்குவாதம். வீக்கத்தைத் தூண்டும் வேதிப்பொருட்கள் பின்னிரவில் அதிகமாகச் சுரக்கின்றன. அவற்றை அடக்க வேண்டிய கார்டிசால் என்ற ஹார்மோன் நள்ளிரவையொட்டி மிகவும் குறைந்து, விடியும் நேரத்தில்தான் ஏறுகிறது. அதனால்தான் அந்த 4 மணி விழிப்பும், எழுந்த பிறகு அரை மணி, ஒரு மணி நேரம் விடாத விறைப்பும். தூக்கம் கெட்டால் மறுநாள் வலியும் கூடுதலாகத் தெரியும். ஆகவே ராத்திரி வலித்து விழிப்பதை மருத்துவரிடம் சொல்லாமல் விடுவதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு. நோய் இன்னும் அடங்கவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளம். அதை விட்டுவிட்டுக் கடையில் தூக்க மாத்திரை கேட்டு வாங்குவது சரியில்லை.

அடுத்து மாத்திரை நேரம். காலையில் சாப்பிடாமல் வேலைக்கு ஓடுவதால், ஸ்டீராய்டு மாத்திரையை அம்மா ராத்திரிக்குத் தள்ளிவைத்திருந்தார். பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரை பொதுவாகக் காலையில் சாப்பிட்ட பிறகு போடுவது. ராத்திரியில் போட்டால் கண் மூட விடாது. நேரத்தை மாற்ற மருத்துவரைக் கேளுங்கள், ஆனால் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். அது ஆபத்து.

முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்குவதும் பலர் வீட்டில் நடக்கிறது. சுகமாகத்தான் இருக்கும். ஆனால் தினமும் மடங்கியே கிடந்தால் முழங்கால் நாளடைவில் நீட்ட வராமல் போகும். ஒருக்களித்துப் படுத்து, இரண்டு காலுக்கும் நடுவே தலையணை வைத்துக்கொள்ளலாம். கழுத்து வலிப்பவர்கள் தலையணையை உயரமாக அடுக்க வேண்டாம்.

இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: ஜன்னலைச் சாத்திவிட்டு அறைக்குள் கரி அடுப்பு வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். மூட்டுக்கு இதமாக இருக்கிறது என்றுதான் வைக்கிறார்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. மலைப்பக்கத்தில் இப்படித் தூக்கத்திலேயே உயிர் போயிருக்கிறது. சுடுதண்ணீர்ப் பையைத் துண்டில் சுற்றிக் கால் மணி நேரம் ஒத்தடம் கொடுத்துவிட்டு, தூங்கும் முன் எடுத்துவிடுங்கள். அப்புறம் கம்பளி உறையைக் கைக்கும் காலுக்கும் போட்டுக்கொண்டால் போதும்.

தேயிலைதான் நமக்குச் சோறு போடுகிறது, அதைக் குறை சொல்ல மனம் வராது. இருந்தாலும் சாயங்காலம் 6 மணிக்குக் குடித்த டீயின் காஃபின் 11 மணிக்கும் ஏறக்குறைய பாதி உடம்பில் இருக்கும். சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் ஒட்டுவதும் குறையும். இந்த நோய்க்காரர்களுக்கு ரத்தசோகை சாதாரணம். இரும்புச் சத்து குறைந்தால் ராத்திரியில் கால்கள் குறுகுறுத்து, ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றும். அப்படி இருந்தால் ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறுவது இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

மருந்து தொடங்கி இரண்டு வாரத்தில் தூக்கம் வரவில்லை என்று விட்டுவிடுபவர்களும் உண்டு. முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்து வேலை செய்ய 6 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை எத்தனை மணிக்கு விழித்தோம், விரல் இளக எவ்வளவு நேரமானது என்று எழுதி வாருங்கள். அம்மாவுக்குக் கணக்கு பொத்தான்தான். தினசரி நாட்காட்டியின் ஓரத்தில் பென்சிலால் குறிப்பார்: எழுந்தது 5.30, பொத்தான் போட்டது 6.50. போன மாதம் மருத்துவர் அந்தத் தாள்களைத்தான் முதலில் கேட்டு வாங்கிப் பார்த்தார். கடைசித் தாளில் இருந்தது, எழுந்தது 6.00, பொத்தான் 6.15.