க்ரூசருக்கு முன் வீலும் முன் டயரும்: அளவை மாற்றும் முன் கணக்குப் போடுங்கள்

என் க்ரூசரில் (நீண்ட தூரம் சாவகாசமாக ஓட்டுகிற தாழ்வான பைக்) முன் டயர் தேய்ந்து மாற்ற வேண்டி வந்தபோது, 100/90-19 இருந்த இடத்தில் 110/90-19 போட்டால் என்ன என்று எனக்கு ஒரு ஆசை. பத்து மில்லிமீட்டர்தானே, முன்பக்கம் கொஞ்சம் பருமனாகத் தெரியும் என்று போட்டுவிட்டேன். நிறுத்தி வைத்துப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஓட்டும்போதுதான் வேறு யாருடைய வண்டியிலோ உட்கார்ந்திருக்கிற மாதிரி ஆகிவிட்டது. மெதுவாக யூ-டர்ன் அடித்தால் ஹேண்டில்பார் உள்பக்கமாக விழப் பார்த்தது, வேகத்தில் வளைவில் சாய்க்க முன்பைவிட அழுத்த வேண்டியிருந்தது, இரண்டாவது வாரம் குண்டும் குழியுமான ஒரு சாலையில் 'சர்ர்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் டயரின் நட்டநடுவில் பென்சிலால் கோடு இழுத்தது மாதிரி ஒரு கீறல். மட்கார்டுக்கு உள்ளே தலை நீட்டிக்கொண்டிருந்த போல்ட், மட்கார்டு அதிர்ந்த அதிர்விலேயே டயரைத் தொட்டிருக்கிறது.

தப்பு என்னுடையதுதான். 110 என்றால் அகலம் மட்டும்தான் மாறும் என்று நினைத்தேன். டயரில் எழுதியிருக்கிற நடு எண் மில்லிமீட்டர் இல்லை, அகலத்தில் இத்தனை சதவீதம் உயரம் என்று அர்த்தம். 100/90 என்றால் சைடு வால், அதாவது டயரின் பக்கச் சுவர், 90 மி.மீ., 110/90 என்றால் 99 மி.மீ. 19 இன்ச் ரிம் 482.6 மி.மீ., மேலும் கீழும் சைடு வாலைக் கூட்டினால் பழைய டயரின் மொத்த உயரம் 662.6, புதியது 680.6. அதாவது வண்டியின் மூக்கு 9 மி.மீ. தூக்கிக்கொண்டது, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இருந்த இடத்தில் அதே 9 மி.மீ. போய்விட்டது. எந்த டயரை வாங்குவதற்கு முன்னாலும் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுவிடுங்கள், இரண்டு நிமிட வேலை.

சரி, மூக்கு 9 மி.மீ. ஏறினால் என்ன ஆகிவிடும்? இங்கேதான் விஷயமே இருக்கிறது. ஹேண்டில்பார் திரும்புகிற அச்சை ஒரு கோடாகத் தரை வரைக்கும் நீட்டிப் பாருங்கள். அது தரையைத் தொடுகிற இடத்துக்குக் கொஞ்சம் பின்னால்தான் டயர் தரையைத் தொடும். அந்த இடைவெளிக்கு ட்ரெயில் என்று பெயர். டிராலி வண்டியின் சின்னச் சக்கரம் தள்ளுகிற திசைக்குத் தானாகத் திரும்பி நேராக வருகிறதே, அதே வேலையை உங்கள் முன் வீலுக்குச் செய்வது இந்த ட்ரெயில்தான். அச்சு செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது ரேக். க்ரூசர்களில் இரண்டுமே ஏற்கெனவே அதிகம், நேர் ரோட்டில் அலுங்காமல் போவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். முன் டயரின் உயரம் கூடினால் இரண்டும் இன்னும் கூடும். அதனால் வேகத்தில் நேராகப் போவது இன்னும் உறுதியாகும், ஆனால் நடை வேகத்தில் திருப்பும்போது முன் வீல் தானாக மடங்கி விழப் பார்க்கும். எனக்கு யூ-டர்னில் நடந்தது அதுதான்.

9 மி.மீ.க்கே இப்படி என்றால், 16 இன்ச் வீலைக் கழற்றிவிட்டு 21 போடுகிறவர்கள் கதையைப் பாருங்கள். 130/90-16 டயரின் மொத்த உயரம் 640.4 மி.மீ., 80/90-21 டயருக்கு 677.4. மூக்கு 18.5 மி.மீ. ஏறும். 1650 மி.மீ. வீல்பேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு நடுவிலுள்ள தூரம்), 32 டிகிரி ரேக், 45 மி.மீ. ஆஃப்செட் (ஹேண்டில் திரும்புகிற அச்சிலிருந்து முன் ஆக்சில் முன்னால் தள்ளியிருக்கும் தூரம்) உள்ள ஒரு வண்டி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் ரேக் அரை டிகிரிக்கு மேல் கூடுகிறது, ட்ரெயில் 147-லிருந்து 163 மி.மீ. பக்கம் போகிறது. கையில் நன்றாகவே தெரிகிற வித்தியாசம் இது. ஸ்பீடோமீட்டர் முன் வீலிலிருந்து ஓடுகிற வண்டியாக இருந்தால் அதுவும் பொய் சொல்ல ஆரம்பிக்கும்: நீங்கள் நிஜமாக 100-ல் போகும்போது முள் சுமார் 94-ல் நிற்கும். ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது வீல் சுற்றாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கிற அமைப்பு) இருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும், ஏனென்றால் முன் வீலும் பின் வீலும் எவ்வளவு வேகத்தில் சுற்றுகின்றன என்பதைப் பார்த்துத்தான் அது முடிவெடுக்கிறது. அந்த விகிதத்தைக் கலைத்துவிட்டு ஏ.பி.எஸ். ஒழுங்காக வேலை செய்யும் என்று நம்ப நான் தயாரில்லை.

அதற்காக 21 இன்ச் மோசம் என்று சொல்லவில்லை. கவாஸாகி வல்கன் 900-ல் கிளாசிக் மாடலுக்கு 130/90-16, கஸ்டம் மாடலுக்கு 80/90-21 என்று கம்பெனியே கொடுத்தது. ஒரே குடும்பத்து வண்டிதான், ஆனால் கம்பெனி செய்யும்போது ஃபோர்க், மட்கார்டு, பிரேக் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துச் செய்யும். நாம் வீலை மட்டும் மாற்றுகிறோம், பிரச்சினை அதுதான். பெரிய, ஒல்லியான வீல் சின்னப் பள்ளங்களில் விழாமல் மேலேயே உருண்டு போகும், நேர் ரோட்டில் கம்பீரமாகப் போகும். அதே நேரம் சுற்றுகிற எடை அச்சிலிருந்து தள்ளி இருப்பதால் வேகத்தில் அதன் திசையை மாற்றுவது சிரமம். ஒரு சைக்கிள் வீலைக் கழற்றி, ஆக்சிலை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு வேகமாகச் சுற்றவிட்டுச் சாய்த்துப் பாருங்கள், கையோடு மல்லுக்கட்டும். 16 இன்ச் பருமன் டயர் இதற்கு நேர் எதிர் குணம்: மெத்தென்று இருக்கும், நிறைய எடை தாங்கும், பார்க்கிங்கில் சொன்னபடி திரும்பும், கூர்மையான பள்ளத்தில் மட்டும் 'டொம்' என்று விழும். இரண்டுக்கும் நடுவில் 19 நிற்கிறது. எல்லா மாதிரி ரோட்டிலும் ஓட்டுகிற ஒருவர் என்னைக் கேட்டால் 19-ஐத்தான் சொல்வேன். ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியார் 650-க்கும் முன்னால் 100/90-19 இருப்பது எனக்குப் பிடித்த விஷயம்.

எடை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. டயரில் அளவுக்குப் பக்கத்தில் இருக்கிற இரண்டு இலக்க எண் எடை தாங்கும் குறியீடு. 67 என்றால் 307 கிலோ, 48 என்றால் 180 கிலோ. ஒல்லி டயருக்கு மாறும்போது இந்த எண் மடமடவென்று இறங்கும். பிரேக் பிடித்தால் வண்டியின் எடையில் பெரும்பங்கு முன்னால்தான் வந்து உட்காரும், அதனால் வண்டிக்குக் கம்பெனி குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே இறங்கவே இறங்காதீர்கள்.

அகலத்துக்கு வருவோம். அகலமான முன் டயர் போட்டால் பிடிப்பு கூடும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஓரளவு உண்மைதான், ஆனால் வண்டியைச் சாய்க்கும்போது டயர் தரையைத் தொடுகிற இடம் நடுவிலிருந்து பக்கவாட்டில் நகர்கிறது, டயர் அகலமாக அகலமாக நகர்கிற தூரமும் கூடும். அந்தத் தூரம் கூடினால் ஹேண்டில்பாரைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும், வளைவின் நடுவில் முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி நிமிர்ந்து நேராக ஓடப் பார்க்கும். 2018-லிருந்து ஹார்லி ஃபேட் பாய்க்கு முன்னால் 160, பின்னால் 240 மி.மீ. டயர். ரோட்டில் அதைப் பார்த்தால் யாரும் திரும்பிப் பார்ப்பார்கள், ஆனால் அது ஒரு குணம் என்று தெரிந்து வாங்க வேண்டிய வண்டி. அகல டயரை ஒல்லி ரிம்மில் திணிப்பது இன்னும் மோசம். ரிம் இரண்டு பக்கமும் நெருக்குவதால் டயரின் முதுகு கூம்பிப்போய், சாய்க்கும்போது ஒரு இடத்தில் பட்டென்று விழுகிற மாதிரி இருக்கும். 100/90-19 டயருக்கு 2.50 இன்ச் ரிம் வழக்கம், 130/90-16 டயருக்கு 3.00. டயர் கம்பெனி எந்த ரிம்முக்குச் சொல்லியிருக்கிறதோ அதற்குள்ளேயே இருங்கள். அப்புறம், நடுவில் நேர்கோடாகப் பள்ளம் ஓடுகிற முன் டயர்கள் ரோட்டில் நீளவாக்கில் இருக்கிற வெட்டுக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு நெளியும். ஆபத்து பெரிதாக இல்லை, ஆனால் முதல் தடவை வயிற்றைக் கலக்கும்.

முன்னால் ரேடியல் (உள்ளே இழைகள் குறுக்கே நேராக ஓடுகிற டயர்), பின்னால் சாதாரண டயர் (இழைகள் சாய்வாக ஓடுவது) என்று கலந்து போடாதீர்கள், வண்டிக் கம்பெனியே அப்படிச் சொல்லியிருந்தால் ஒழிய.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு விஷயம். 'ஹேண்டில் கனமாக இருக்கிறது, ஆடுகிறது, டயர் மாற்றலாமா' என்று கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு அளவு மாற்றவே தேவையில்லை. முதலில் காலையில் வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்று பாருங்கள். முன்னால் ஐந்து பி.எஸ்.ஐ. குறைந்தாலே பெரிய வீல் போட்ட மாதிரி கனக்கும். அடுத்து டயர் மீது உள்ளங்கையை வைத்து முன்னும் பின்னும் தடவுங்கள், ஒரு பக்கம் வழவழவென்றும் மறுபக்கம் ரம்பம் மாதிரியும் இருந்தால் பட்டன்கள் ஏறுமாறாகத் தேய்ந்திருக்கின்றன, ஆட்டத்துக்கு அது ஒன்றே போதும். சைடு வாலில் தயாரிப்புத் தேதி நாலு இலக்கத்தில் இருக்கும், 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம். பட்டன் இருந்தாலும் ரப்பர் காய்ந்து கல்லாகியிருக்கலாம். கடைசியாக, முன் வீலைத் தரையிலிருந்து தூக்கி ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். 'டக்' என்று விரலுக்குத் தெரிந்தால் கோன் செட் (ஹேண்டில் திரும்புகிற அச்சின் பேரிங்) தளர்ந்திருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் எந்த டயர் போட்டும் பயனில்லை.

மாற்றுவது என்று முடிவே செய்துவிட்டால், பழைய டயரின் உயரத்துக்கு மிக அருகில் இருக்கிற அளவாகப் பாருங்கள். உயரம் கொஞ்சம் கூடித்தான் தீரும் என்றால் ஃபோர்க் குழாய்களைக் கிளாம்பில் அதே அளவுக்கு மேலே ஏற்றி மூக்கைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரலாம். ஆனால் சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போது மட்கார்டு மேலே எதிலும் இடிக்காது என்று உறுதி செய்துகொண்டு. மட்கார்டின் உள்ளே கையை விட்டு ஒவ்வொரு போல்ட் தலையையும் தடவிப் பார்த்துவிடுங்கள், என் அனுபவம். டயரின் அம்புக்குறி ஓடுகிற திசையில் இருக்க வேண்டும், ரிம் ஓரத்தில் ஓடுகிற மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிய வேண்டும், ஒரு இடத்தில் உள்ளே போயிருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. வீல் பேலன்சிங் செய்யாமல் எடுக்காதீர்கள். ஆக்சிலை இறுக்கியதும் பக்கத்தில் ஆக்சிலைக் கவ்விப் பிடிக்கிற பிஞ்ச் போல்ட்டை உடனே இறுக்கிவிட வேண்டாம், முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஃபோர்க்கை நாலைந்து தடவை அமுக்கிவிட்டு இறுக்கினால் ஃபோர்க்கின் இரண்டு காலும் நேராக உட்காரும். கிளம்பும் முன் பிரேக் லீவரைப் பம்ப் செய்யுங்கள், கேலிப்பரைக் கழற்றி மாட்டியிருந்தால் முதல் பிடியில் பிரேக் இருக்காது.

புது டயர் வழுக்கும். முதல் 150 கிலோமீட்டர் பக்கம் வளைவில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாய்க்க வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு இடத்தில் முதலில் நடை வேகத்தில் எட்டுப் போட்டுப் பாருங்கள், ஹேண்டில்பார் உள்ளே விழுகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். பிறகு நேர் ரோட்டில் படிப்படியாக வேகம் கூட்டிக்கொண்டே போங்கள். எங்காவது ஹேண்டில் ஆட ஆரம்பித்தால் இறுக்கிப் பிடிக்காதீர்கள், பிரேக்கில் பாயாதீர்கள்; பிடியைத் தளர்த்தி, ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டு, வேகத்தைத் தானாக இறங்க விடுங்கள், ஓரமாக நிறுத்தி ஆக்சிலிலிருந்து மறுபடி பார்த்துக்கொண்டு வாருங்கள். என் 110-ஐ நான் ஒரு மாதத்தில் கழற்றிவிட்டேன். அந்தக் கீறல் விழுந்த டயர் இன்னும் வீட்டில்தான் கிடக்கிறது, பழைய அளவில் வண்டி யூ-டர்னில் மறுபடி ஒரே கையில் திரும்புகிறது.