நெஞ்சில் பல்சக்கரம் வரையாதீர்கள்

மனித உடலையும் இயந்திரத்தையும் சேர்த்து வரைய ஆசைப்படுகிறவர் முதலில் என்ன வரைவார் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். பாதி முகத்தில் தோல் உரிந்து, உள்ளே பல்சக்கரங்கள் தெரியும். இல்லையென்றால் இதயம் இருக்க வேண்டிய இடத்தில் கடிகாரம். நானும் வரைந்திருக்கிறேன், இரண்டு கேன்வாஸ் வீண். அந்தப் பல்சக்கரம் சட்டையில் குத்திய பேட்ஜ் மாதிரி. கழற்றிவிட்டால் கீழே இருப்பது வழக்கமான ஒரு முகம்.

இந்தத் தவறிலிருந்து வெளியே வர பிரெஞ்சு ஓவியர் ஃபெர்னான் லெஜே 1917-இல் வரைந்த சீட்டாட்ட ஓவியத்தை நிதானமாகப் பாருங்கள். நெதர்லாந்தில் க்ரோலர்-ம்யூலர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் அகலம். முதல் உலகப் போர்க்களத்தில் சிப்பாய்கள் சீட்டாடுகிறார்கள், அவ்வளவுதான் விஷயம். தேடினாலும் ஒரு பல்சக்கரம் கிடைக்காது. ஆனால் கைகள் குழாய்களாகவும் கூம்புகளாகவும் பூட்டப்பட்டிருக்கின்றன. விரல்கள் துண்டு துண்டாகக் கோத்த உலோகம் போல மடங்குகின்றன. குத்தியிருக்கும் பதக்கங்களைப் பார்த்த பிறகுதான் ‘ஓ, மனிதர்கள்’ என்று பிடிபடும். இங்கே இயந்திரம் உடலின் மேல் ஒட்டவில்லை. உடலைக் கட்டிய முறையே இயந்திரத்தினுடையது.

லெஜே அந்தப் போரில் சிப்பாயாக இருந்தவர். 75 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்றில் குண்டைச் செருகும் பின்பகுதி திறந்து வெயிலில் கிடந்ததையும், அந்த வெள்ளை உலோகத்தில் ஒளி விளையாடியதையும் கண்டு சொக்கிப்போனதாகப் பின்னாளில் சொன்னார். 1913-இல் அவர் வரைந்துகொண்டிருந்தவை ஏறக்குறைய முழு அரூபங்கள், அதாவது இன்ன பொருள் என்று அடையாளம் தெரியாதவை; உருளைகளும் கூம்புகளும் மோதிக்கொள்ளும் படங்கள். பீரங்கியும் கூட இருந்த சிப்பாய்களும் அவரை மறுபடி உருவத்துக்கு இழுத்துவந்தார்கள்.

அதனால்தான் ‘அரூபமா, உருவமா, ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடு’ என்று நமக்கு நாமே கெடு வைத்துக்கொள்வதும் தவறு என்கிறேன். இந்த வகை ஓவியத்தின் ருசியே இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பார்ப்பவர் உருளையைப் பார்க்கும்போது தொடை நினைவுக்கு வர வேண்டும், தொடையைப் பார்க்கும்போது உருளை.

இதற்கு உடலும் தெரிய வேண்டும், இயந்திரமும் தெரிய வேண்டும். ‘அரூபம்தானே, உடற்கூறு எதற்கு?’ என்று கேட்பவர்களின் படங்களில் முழங்கை எல்லாத் திசையிலும் வளையும். முழங்கை என்பது கீல் மூட்டு. கதவு போல ஒரே தளத்தில்தான் மடங்கித் திறக்கும். தோளும் இடுப்பும் பந்துக் கிண்ண மூட்டுகள், சுழலும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். உடலும் இயந்திரமும் ஒன்றையொன்று தொடும் இடம் மூட்டு. அங்கே தப்பு செய்தால் படம் முழுக்கப் பொய்யாகிவிடும். இயந்திரத்துக்கும் இதே கதைதான். இணையத்தில் எடுத்த பல்சக்கரங்களை வரைபவர்கள் ஒன்றோடொன்று மாட்டிய மூன்றை முக்கோணமாக நிறுத்துவார்கள். அப்படி நின்றால் மூன்றும் பூட்டிக்கொள்ளும், எதுவும் சுற்றாது. பக்கத்துத் தெரு லேத் பட்டறைக்கு ஒரு நோட்டோடு போய், அனுமதி கேட்டு இரண்டு மணி நேரம் உட்காருங்கள். லேத்தை மட்டும் வரையாதீர்கள். அதை ஓட்டுகிறவர் எந்தக் காலில் பாரம் போட்டு நிற்கிறார், சாயும்போது இடுப்பு எங்கே போகிறது என்பதையும் சேர்த்து வரையுங்கள்.

உலோகம் என்றதும் சாம்பல் நிறத்தைப் பிதுக்குவது இன்னொன்று. எல்லா உருளைக்கும் ஒரே மாதிரி பளபளப்பு ஏற்றினால் படம் பாத்திரக்கடை அலமாரி ஆகிவிடும். லெஜேயின் 1913 படங்களில் உருளைகள் சிவப்பு, நீலம், மஞ்சள். நடுவில் வெள்ளையாக ஒரு பட்டை, ஓரத்தில் கறுப்புக் கோடு, ஆங்காங்கே வண்ணமே படாத கேன்வாஸ். அந்த வெள்ளைப் பட்டைதான் உலோகத்தின் மினுக்கைக் கொண்டுவருகிறது. தட்டையான நிறத்தின் பக்கத்தில் வைத்தால்தான் திரட்சி திரட்சியாகத் தெரியும்.

அசைவைக் காட்டுகிறேன் என்று ஒரே காலைப் பத்து முறை வரைபவர்கள் பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் தூஷானைத் துணைக்கு அழைப்பார்கள். படிக்கட்டில் இறங்கும் நிர்வாண உருவத்தை அவர் வரைந்தது 1912-இல். எத்தியென்-ஜூல் மாரே என்ற பிரெஞ்சு விஞ்ஞானியின் புகைப்படங்கள், அதாவது ஒரே ஆளின் அசைவை அடுத்தடுத்த நிலைகளாகப் பிடித்தவை, அதற்குப் பின்னணி. ஆனால் கவனியுங்கள்: நிறங்களைப் பழுப்புக்குள் சுருக்கிவிட்டார், உருவத்தை மேல் இடதிலிருந்து கீழ் வலதுக்கு ஒரே சரிவில் இறக்கினார். அந்தக் கட்டுப்பாடு இல்லாமல் கால்களை மட்டும் பெருக்கினால் மரவட்டைதான் மிஞ்சும். பாரிஸ் கண்காட்சி ஒன்றில் பொருட்களைக் கோணத் துண்டுகளாக உடைத்து வரைந்த கியூபிசத் தோழர்களே அதை ஏற்கத் தயங்க, அவர் படத்தை டாக்சியில் வீட்டுக்கு எடுத்துப்போனார். மறு வருடம் நியூயார்க்கில் அதுதான் ஊர்ப்பேச்சு.

இயந்திரம் என்றாலே கொடுமை, மனிதம் செத்தது என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிடுவதும் படத்தைத் தட்டையாக்கும். சிற்பி ஜேக்கப் எப்ஸ்டைன் 1913 வாக்கில், பாறை குடையும் நிஜத் துளைக்கருவி ஒன்றின் மேல் தான் செய்த உருவத்தை ஏற்றினார். வீரம் ததும்பிய சிற்பம், விலா எலும்புக்குள் ஒரு கரு. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே கருவியைக் கழற்றினார், உருவத்தை வெட்டினார், கைகள் குறைபட்ட மேலுடலை மட்டும் உலோகத்தில் வார்த்தார். அது இப்போது லண்டன் டேட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. ஒரே மனிதர், ஒரே சிற்பம், இரண்டு அபிப்பிராயம். உங்கள் அபிப்பிராயமும் வரையும்போதே மாறட்டும், என்ன இப்போது?

கடைசியாகத் தலைப்பு. ‘மனிதனும் இயந்திரமும்’ என்று வைக்காதீர்கள். அது பத்தாம் வகுப்புக் கட்டுரைக்கு ஆகும். ஓவியர் பிரான்சிஸ் பிக்காபியா 1915-இல் ஒரு ஸ்பார்க் பிளக்கை, கடையில் வாங்கியது போலச் சுத்தமாக வரைந்தார். உடலின் சாயல் ஒரு கோடுகூட இல்லை. கீழே ‘நிர்வாண நிலையில் ஒரு இளம் அமெரிக்கப் பெண்ணின் உருவப்படம்’ என்று எழுதினார். அந்த ஸ்பார்க் பிளக்கின் மேலேயே, கம்பெனி முத்திரை இருக்க வேண்டிய இடத்தில், ‘என்றென்றும்’ என்று ஆங்கிலத்தில் ஒரு சொல்.