‘டோப்’ எல்லாம் தோப்பு அல்ல

சென்ற மாதம் ஓர் இளம் மொழிபெயர்ப்பாளர் திருத்தக் கொடுத்த பிரதியில் இப்படி ஒரு வரி: “1851இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் கன்னிங்ஹாம் சாஞ்சித் தோப்புகளைத் திறந்து பார்த்தார், எலும்புத் துண்டுகள் வைத்த பேழைகள் கிடைத்தன.” எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பல ஆண்டுகளுக்கு முன் நானும் இதே தவற்றை, இதே துணிவோடு செய்திருக்கிறேன். சந்திப்பிழை, எழுத்துப்பிழை எல்லாம் மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணில் பட்டுவிடும். அவற்றை விடுங்கள். ‘தோப்பு’ என்ற இந்தத் தவறு தப்பித்துவிடும்.

காதை நம்புவது

மூலத்தில் உள்ள ‘டோப்’ (tope) என்ற ஆங்கிலச் சொல் காதில் விழுந்ததும் தமிழ் மனம் தோப்புக்குத் தாவுகிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. தமிழிலும் தெலுங்கிலும் உள்ள தோப்புதான் ஆங்கிலேயர் வாயில் டோப் ஆயிற்று. வட இந்திய மாந்தோப்புகளையும் அவர்கள் அப்படியே அழைத்தார்கள். அங்குள்ள மக்களுக்கோ அந்தச் சொல்லே தெரியாது. இந்தியாவில் ஆங்கிலேயர் புழங்கிய சொற்களுக்காக 1886இல் வந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி இதைப் பதிவு செய்திருக்கிறது.

ஆனால் கன்னிங்ஹாம் 1854இல் வெளியிட்ட நூலின் தலைப்பில் உள்ள ‘பில்சா டோப்ஸ்’ புத்த சமய நினைவுச் சின்னங்களான ஸ்தூபிகளைக் குறிக்கிறது. வடமொழி ஸ்தூபம் பாலியில் தூப ஆனது. அந்த வழியில் வந்தது இந்த டோப். இலங்கையின் அனுராதபுரத்தில் உள்ள தூபாராமயத்தின் பெயரில் இருப்பதும் அதே தூபதான். எழுத்தும் உச்சரிப்பும் ஒன்று, பிறப்பு வேறு.

நான் தோப்பு என்று எழுதியது அச்சாகி, மடித்து, தைக்கப் போகும் நேரத்தில்தான் தெரிந்தது. பதினாறு பக்கங்களை மறுபடி அச்சடித்தார்கள். செலவை என் ஊதியத்தில் பிடித்துக்கொண்டார்கள். அதைவிட எரிச்சல் தருவது, விடை அந்த வரியிலேயே இருந்தது என்பதுதான். தோப்பை யாராவது திறப்பார்களா? உள்ளே பேழை இருக்குமா? சொல்லைத் தமிழ் என்று கண்டுகொண்ட மகிழ்ச்சியில் வினைச்சொல்லைப் பார்க்கவே இல்லை. இன்றும் புதியவர்கள் அதே இடத்தில் வழுக்குவதைக் கண்டால் கோபம் வருகிறது.

முதல் பொருளோடு அகராதியை மூடுவது

டோப் என்று ஒரு சுறா மீனும் உண்டு. வினையாக வந்தால், மிதமிஞ்சி மது குடிப்பது. கடைசி வரை படியுங்கள்.

தமிழ் வேர் என்று உடனே அறிவிப்பது

வேண்டாம்.

இரட்டையரைக் குழப்புவது

நீலகிரியைப் பற்றிய ஆங்கில நூல்களில் வரும் ‘ஷோலா’ நம் சோலையேதான். ஆங்கிலேயர் வெயிலுக்கு அணிந்த ‘சோலா’ தொப்பிக்கு அதோடு உறவில்லை. வங்காளத்திலும் இந்தியிலும் ஷோலா எனப்படும் நீர்ச்செடியின் பெயர் அது. ஆங்கிலேயர்களே சூரியனோடு முடிச்சுப் போட்டு ‘சோலார்’ என்று எழுதியிருக்கிறார்கள். தமிழில் அந்தச் செடி நெட்டி. தஞ்சாவூரில் நெட்டி வேலை செய்பவரிடம் ஒரு தண்டைக் கையில் வாங்கிப் பாருங்கள், எடையே தெரியாது. வெயில் தொப்பிக்கு அதை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது விரல்களுக்கே புரிந்துவிடும்.