நவீனக் கலைப்பொருள்களை ஏலம் கேட்கும் முன்

நவீன ஓவியங்களையோ வடிவமைப்புப் பொருள்களையோ ஏலத்தில் எடுக்க விரும்புவோர், பட்டியலில் அச்சிடப்பட்ட மதிப்பீட்டையே தாங்கள் செலுத்த வேண்டிய தொகை என்று எண்ணிவிடக் கூடாது. ஏலம் முடிந்த விலைக்கு மேல், வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குத் தரவேண்டிய கட்டணம் சேரும். பெரிய நிறுவனங்களில் அது 20 விழுக்காட்டைத் தாண்டுவது வழக்கம். வரி, காப்பீடு, அனுப்பும் செலவு ஆகியவை தனி. எனவே கையிலுள்ள மொத்தத் தொகையிலிருந்து இவற்றைக் கழித்து, எதுவரை கேட்கலாம் என்பதை முன்னரே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்காலி, மேசை போன்றவற்றுக்குக் கூடுதல் கவனம் தேவை. அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் இணையர் வடிவமைத்து, ஹெர்மன் மில்லர் நிறுவனம் 1956-இல் வெளியிட்ட சாய்வு நாற்காலி இன்றும் தயாரிக்கப்படுவதால், தோற்றம் ஒன்றாக இருந்தாலும் தயாரிப்புக் காலத்தைப் பொறுத்து விலை பெரிதும் மாறும். அடிப்பக்க ஒட்டுச்சீட்டு, திருகுகள், மெத்தையின் உட்பொருள் ஆகியவற்றின் படங்களைத் தயங்காமல் கேட்டுப் பெறுங்கள். இவ்வகைப் பழைய நாற்காலிகளில் காணப்படும் பிரேசில் ரோஸ்வுட் மரம் 1992 முதல் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின், மிகக் கடுமையான கட்டுப்பாடு கொண்ட முதல் பிற்சேர்க்கையில் இருப்பதால், வெளிநாட்டிலிருந்து வாங்குவோர் உரிய அனுமதிச் சான்றுகள் கிடைக்குமா என்பதை ஏலத்துக்கு முன்பே விசாரிக்க வேண்டும். பணம் கட்டிய பிறகு இதை அறிவதால் பயனில்லை.

வாங்குவது அச்சோவியம், அதாவது தகடு போன்றவற்றிலிருந்து தாளில் அச்சிட்ட ஓவியம் என்றால், கையொப்பம் பென்சிலால் இடப்பட்டதா அல்லது அச்சுத் தகட்டிலேயே உள்ளதா, தாளின் ஓரங்கள் வெட்டப்பட்டுள்ளனவா என்பதை, பொருளின் நிலை குறித்த அறிக்கையைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள்.